நான் ஒட்டிக்கொடுத்த உறை

மகனே,

உனக்கு அந்தக் காலத்தில் லண்டன் விசா கிடைக்காமல் போனதற்கு, நான் கடிதம் கொடுக்க மறுத்ததுதான் காரணம் என்று இங்கே ஸ்ட்ரெதமில் ஒரு கல்யாண விருந்தில் பேசிக்கொண்டார்களாம். அது சரியல்ல. நான் மறுக்கவில்லை. நல்ல ஆங்கிலத்தில், ஒரு வெட்டும் திருத்தமும் இல்லாமல் மூன்று பக்கம் எழுதினேன். அதன் பிரதி இப்போதும் என் அலுமாரியில் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து வாசிக்கலாம். அவர்களில் எத்தனை பேரால் அதை வாசித்து முடிக்க முடியும் என்பது வேறு விஷயம்.

இதை எனக்குச் சொன்னவள் றீற்றா. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, தேவாலய மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் வந்தாள். "அன்ரி, உங்கட மகனைக் கண்டனான்" என்றாள். "ஆளைப் பிழையாக் கண்டிருப்பீர். அவர் ஜெர்மனியில இருக்கிறார்" என்றேன். "ஓம், அங்கயிருந்துதான் வந்தவராம். மூக்கு அப்பிடியே உங்கட மூக்கு. கல்யாணத்தில எங்கட மேசையிலதான் இருந்தவர்." பிறகு பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே, "அம்மா கடிதம் குடுக்காததாலதான் அவருக்கு விசா இல்லாமல் போனதெண்டு ஆரோ கதை எடுத்தவை. நான் நம்பேல்லை" என்றாள். நம்பாதவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து சொல்வதில்லை. "மகன் என்ன சொன்னவர்?" என்று கேட்டேன். "அவர் ஒண்டும் சொல்லேல்லை, அன்ரி. ரோல்ஸைப் பிச்சுப் பிச்சுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்."

ஆக, ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் எனக்கு இரண்டு செய்திகள் கிடைத்தன. என்னைப் பற்றி ஒரு பொய் நடமாடுகிறது என்பது ஒன்று. என் மகன் லண்டனுக்கு வந்து போய்விட்டான் என்பது மற்றது. உன் கையில் இப்போது ஜெர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது என்று உன் அக்கா போன வருடமே சொன்னாள். ஒரு காலத்தில் உன்னை இந்த நாட்டுக்குள் கொண்டுவருவதற்கு ஒரு கட்டுக் காகிதம் போதாமல் இருந்தது. இன்று நீ யாரிடமும் ஒரு வரி எழுதி வாங்காமல் பஸ்ஸில் ஏறி வருகிறாய், கல்யாணச் சாப்பாடு சாப்பிடுகிறாய், திரும்பிப் போகிறாய். ஸ்ட்ரெதமிலிருந்து நான் இருக்கும் ஹவுன்ஸ்லோவுக்கு ஒரு மணி நேரப் பயணம். அந்தத் தூரத்துக்கு மட்டும் உனக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை போலும்.

இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை நம் ஆட்கள் நடத்தும் சஞ்சிகைக்கும் கொடுக்கப்போகிறேன். உன் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பொய் பத்துப் பேர் இருந்த மேசையில் பேசப்பட்டால், அதன் திருத்தமும் பத்துப் பேருக்குத் தெரிய வேண்டும் என்பது என் கொள்கை. ஆனால் திருத்தத் தொடங்கினால் முழுவதையும் திருத்த வேண்டும். எனக்கு வசதியான இடத்தில் நிறுத்திவிட முடியாது. அதனால் நீ அறிந்தவற்றையும் மற்றவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

எண்பத்து நான்காம் ஆண்டு, இருபத்தொரு வயதில், கிழக்கு பெர்லின் வழியாக நீ ஜெர்மனிக்குப் போனாய். முதலில் உணவகத்தில் கோப்பை கழுவினாய். பிறகு டோர்ட்முண்டில், கடைகளின் பெரிய குளிர்பெட்டிகளைத் திருத்தும் பட்டறையில் வேலை கிடைத்தது. நான்கு வருடங்களுக்குப் பின்னர் வதிவிட அனுமதியும் கிடைத்தது. மன்னாரில் நீ எழுதித் தேறிய உயர்தரப் பரீட்சையை அங்கே யாரும் மதிக்கவில்லை. லண்டனில் ஒரு கல்லூரி மதித்தது. குளிரூட்டல் இயந்திரங்களைப் பற்றிய இரண்டு வருட டிப்ளோமாவுக்கு இடம் தருவதாக எழுதியது. அப்போது நான் இங்கே லண்டனில் அக்கா வீட்டுக்கு வந்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன.

ஐரோப்பாவில் ஒரு நாட்டில் இருக்க அனுமதி கிடைத்தால் எல்லா நாடுகளும் கதவைத் திறக்கும் என்று நம்மில் பலர் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை. உன் கையில் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு. ஜெர்மன் முத்திரை ஜெர்மனிக்குள் மட்டும்தான் செல்லும். லண்டனில் படிக்க வேண்டுமென்றால் ஜெர்மனியிலிருந்தே, பிரித்தானிய விசா அலுவலகத்தில் விண்ணப்பித்து, நேர்முகத்துக்குப் போக வேண்டும். கல்லூரியின் கடிதம், செலவுக்கும் தங்குவதற்கும் வழி, இவை எல்லாவற்றுக்கும் மேலாக, படிப்பு முடிந்ததும் இந்த நாட்டை விட்டுப் போய்விடுவாய் என்ற நம்பிக்கை அந்த அதிகாரிக்கு வர வேண்டும். ஜெர்மனிப் பக்கம் இன்னொரு வில்லங்கம் இருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் ஜெர்மன் வதிவிட அனுமதி செல்லாமல் போய்விடும். முன்கூட்டியே எழுத்தில் தவணை வாங்க வேண்டும். நீ மூன்று தடவை வரிசையில் நின்று அதை வாங்கியிருந்தாய். பட்டறை முதலாளியிடமும், படித்துவிட்டு வந்தால் மேல்நிலை வேலை தருவேன் என்று கையொப்பத்தோடு கடிதம் வாங்கியிருந்தாய். எதையும் அரைகுறையாகச் செய்யும் பிள்ளையல்ல நீ. அந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கடிதம். படிக்கும் காலத்தில் எங்களோடு தங்குவாய் என்பதற்கு வீட்டாரின் கடிதம். வீடு அக்காவுடையது, அவளே எழுதியிருக்கலாம். ஆனால் நீ தொலைபேசியில், "அம்மா, நீங்களே எழுதுங்கோ. மூத்த ஆள் நீங்கள்தானே" என்றாய். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை. அதற்கு நான் செய்த கைம்மாறைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

அக்கா ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல், விசா விதிகள் அச்சிட்ட தாளைக் குசினி மேசையில் வைத்து எனக்கு வாசித்துக் காட்டினாள். "அம்மா, ரெண்டே ரெண்டு வரி. எங்களோட இருப்பான், சாப்பாடும் இடமும் நாங்கள் குடுப்பம். அவ்வளவுதான். வேற ஒண்டும் எழுதாதையுங்கோ" என்றாள். இரண்டு வரியில் எழுதுவது பால்காரனுக்கு விடும் துண்டு, அரசாங்கத்துக்கு எழுதும் கடிதமல்ல என்று நான் சொன்னேன். உன் அத்தான் சிரித்துக்கொண்டு, "மாமி, அவங்கள் கடிதத்துக்கு மார்க்ஸ் போடமாட்டாங்கள். விசாதான் போடுவாங்கள்" என்றார். "உங்களை ஆரும் கேட்கேல்லை" என்றேன். அவர் என் முன்னால் இங்கிலீஷில் பேசுவதைத் தவிர்க்கத் தொடங்கி அப்போதே ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் திருத்துவேன் என்ற பயம்.

என்னைப் படிப்பித்த கன்னியாஸ்திரிகள், தகுந்த காரணத்தைத் தகுந்த சொற்களில் சொன்னால் கனவான் ஒருவர் அதை ஏற்றுக்கொள்வார் என்று சொல்லித் தந்தார்கள். நான் அதை வேதம்போல நம்பினேன். உன் அப்பா தபாலதிபர் என்பதால் நம் வீட்டில் கடிதத்துக்கு இருந்த இடம் மற்ற வீடுகளில் சோற்றுக்கு இருந்திருக்காது. தபாற்கந்தோரின் பின்பக்கத்து இரண்டு அறைகள்தான் நம் வீடு. உனக்கு ஒன்பது வயதில், அடுத்த தெருப் பெண் ஒருத்திக்கு வந்த கடிதத்தில் அழகான வெளிநாட்டு முத்திரை இருந்தது என்று, அதைக் கழற்றப்போய் உறையைப் பிரித்துவிட்டாய். உள்ளே இருந்ததை நீ வாசிக்கக்கூட இல்லை. அப்பா, "சின்னப் பிள்ளை, விடும். நான் திருப்பி ஒட்டிக் குடுக்கிறன்" என்றார். நான் விடவில்லை. முற்றத்தில், கந்தோருக்கு வந்து போகிறவர்கள் எல்லோரும் பார்க்க, உச்சி வெயிலில் உன்னை முழங்காலில் நிற்க வைத்தேன். ஒருவர் ஒட்டிய உறையை, யாருக்கு எழுதப்பட்டதோ அவர்தான் திறக்கலாம் என்று உன்னை இருபது தரம் சொல்ல வைத்தேன். பன்னிரண்டாம் தரத்தில் உன் குரல் போய்விட்டது. உதடு மட்டும் அசைந்தது. அதையும் எண்ணினேன்.

அந்தக் கடிதத்தை மூன்று நாட்கள் எழுதினேன். நம் குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம். உன் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு பக்கம். மூன்றாம் பக்கத்தில் நான் எழுதியதை இப்போது தமிழில் தருகிறேன்: படிப்பு முடிந்த பின்னர் என் மகன் தன் தகுதிக்குக் குறைந்த வேலை பார்த்த அந்த நாட்டுக்குத் திரும்பமாட்டான். விதவையான என்னோடு இருந்து, என் கடைசிக் காலத்தில் என்னைக் கவனிப்பதே அவன் கடமை. அதை அவன் அறிவான். இப்படி எழுதி, கையொப்பமிட்டு, உறையில் வைத்து ஒட்டினேன். பதிவுத் தபால்களில் உன் அப்பா செய்வதுபோல ஒட்டிய இடத்தின் மேலும் கையொப்பமிட்டேன். அதிகாரிக்கு என்று மேலே எழுதி, இன்னொரு உறைக்குள் வைத்து உனக்கு அனுப்பினேன்.

விசா கிடைக்கவில்லை. மறுப்புத் தாளின் பிரதியை மட்டும் நீ எனக்கு அனுப்பினாய். கூட ஒரு வரியும் இல்லை. நீ திரும்பிப் போவாய் என்று நம்புவதற்கில்லை என்று அதில் இருந்தது. காரணமாக என் கடிதத்தின் அந்த வாக்கியங்களையே எடுத்துப் போட்டிருந்தார்கள். உன் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த விண்ணப்பத்தின் முத்திரை விழுந்தது. விசா இல்லாமல் அந்த முத்திரை மட்டும் இருந்தால் அடுத்த தூதரகத்திலும் கேள்வி வரும். நான் உடனே மேன்முறையீட்டுக்கு நான்கு பக்கம் எழுதி வைத்துக்கொண்டு உனக்கு அழைப்பு எடுத்தேன். "நீங்கள் இனி ஒண்டும் எழுத வேண்டாம், அம்மா" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேண்டாத சாமானைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கிற மாதிரிச் சொன்னாய். கல்லூரி இடத்தை வேறு யாருக்கோ கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் பட்டறையும் மூடப்பட்டது. நீ லொறி ஓட்டப் போனாய். கலியாணம் முடித்தாய், படம் வந்தது. மகள் பிறந்தாள், படம் வந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு அட்டை வருகிறது, அதில் உன் மனைவியின் கையெழுத்து. உன் கையெழுத்தை நான் கண்டு எட்டு வருடங்கள்.

இந்த எட்டு வருடங்களும் நான் ஒரே ஒரு வசனத்தில்தான் வாழ்ந்திருக்கிறேன். நான் உண்மையை எழுதினேன், உண்மையைப் பொறுக்காதது அவர்களுடைய சட்டம். அக்காவுக்கு அதைச் சொன்னேன். அத்தானுக்குச் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாருக்கும், பாவமாக அல்ல, முறைப்பாடாகச் சொன்னேன். இன்னொன்றும் மனதுக்குள் வைத்திருந்தேன். அதை யாருக்கும் சொல்லவில்லை. கடிதம் உன் கையால்தானே போனது? வளர்ந்த ஆண்பிள்ளை, ஒட்டியிருந்தாலும் எப்படியாவது பிரித்துப் பார்த்திருப்பாய். பார்த்துவிட்டு, சரி என்று கொடுத்திருக்கிறாய். சரி இல்லை என்றால் கொடுக்காமல் விட்டிருக்கலாமே. ஆகவே பாதிப் பிழை உன்னுடையது. இப்படி ஒரு கணக்கைப் போட்டு வைத்துக்கொண்டுதான், நீ எழுதாத ஒவ்வொரு மாதமும் உன்னில் கோபப்பட்டேன்.

திங்கட்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். கவுன்சில் எனக்குத் தனியாக வீடு தந்த பிறகும் திங்கட்கிழமைகளில் அங்கே போவது வழக்கம். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். றீற்றா சொன்னதைச் சொன்னேன். லண்டனுக்கு வந்த மகன் பெற்ற தாயைப் பார்க்காமல் போனான் என்று சொன்னேன். அந்தக் கணக்கையும் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். படித்துப் பார்த்துத்தானே கொடுத்தான், இப்போது என்மேல் ஏன் முழுப்பழியும் என்று கேட்டேன். அக்கா மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"அவன் படிக்கேல்லை, அம்மா."

"ஏன் படிக்கேல்லை? கையிலதானே இருந்தது."

"அறையில இருந்த பெடியள் எல்லாரும் சொன்னவங்களாம், கேத்தில் ஆவியில பிடிச்சுத் திற, பார்த்திட்டு ஒட்டலாம் எண்டு. அவன் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டான். அம்மா ஒட்டினது எண்டானாம். அவங்கள் சிரிச்சவங்களாம். நேர்முகத்தில அந்த ஒபிசர் பிரிச்சு வாசிச்சிட்டு, இதை எழுதினது உன்ர அம்மாவோ எண்டு கேட்டிருக்கிறான். இவன் பெருமையா ஓம் எண்டிருக்கிறான்."

"உமக்கு இது எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டு அவன்தான் கேட்டவன்."

அவள் மறுபடியும் சட்டையை எடுத்து மடித்தாள். வீட்டுக்கு மேலால் ஒரு விமானம் போனது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரில் விமானம் போகும்போது எல்லோரும் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அது போய் முடிந்ததும் நானும் ஒரு சட்டையை எடுத்து மடித்தேன்.

ஆகவே அந்தப் பாதிப் பிழையை உன்னிடமிருந்து திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை இங்கே முடித்திருப்பேன். முடியவில்லை. நான் எழுதியது உண்மையா என்ற கேள்வி இருக்கிறது. நேற்று அந்தப் பிரதியை எடுத்து, எட்டு வருடங்களில் முதல் தடவையாக, வேறு ஒருவர் எழுதியதைப்போல வாசித்தேன். ஆங்கிலம் நன்றாகத்தான் இருக்கிறது.

கடிதம் எழுதுமாறு நீ கேட்ட அதே அழைப்பில் இன்னொன்றும் சொன்னாய். "ரெண்டு வருசம்தான், அம்மா. முடிய நான் திரும்பி வந்திடுவன். இஞ்ச எனக்கு வேலை இருக்கு. எனக்கு இந்த இடம் பழகிப்போச்சு." விமானம் போனது, காதில் விழவில்லை என்று நான் சொல்ல முடியாது. நன்றாகக் கேட்டது. நான், "சரி, அதைப் பிறகு பாப்பம்" என்றேன். பிறகு மூன்று நாட்கள் உட்கார்ந்து, நீ திரும்பிப் போகமாட்டாய் என்று எழுதினேன். அத்தானின் மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, அவர் பகிடிகளுக்குச் சிரிக்க விருப்பமில்லாமல், எனக்கென்று ஒரு மகன் வீடு வேண்டும் என்று இருந்த காலம் அது. என்னோடு இரு என்று உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் நீ மறுக்கக்கூடும், மறுப்பைக் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. அதனால் உன்னைக் கேட்காமல், அரசாங்கத்துக்கு அறிவித்தேன். அப்படி அறிவித்துவிட்டால் அது நடந்தே தீரும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. நீ பிரித்துப் பார்த்துவிடக் கூடாது என்று எனக்குள் ஒரு மூலையில் இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் ஏன் ஒட்டிய இடத்தின் மேல் கையொப்பமிட்டேன்?

அந்த மேசையில் அதிகாரிக்கு முன்னால் இரண்டு பேர் பேசினோம். திரும்பிப் போவேன் என்று நீ சொன்னாய், போகமாட்டான் என்று நான் சொன்னேன். உண்மையைச் சொன்னவன் நீ. பொய் எழுதியவள் நான். அவர் என்னை நம்பினார், ஏனென்றால் நான் நன்றாக எழுதியிருந்தேன். ஸ்ட்ரெதமில் பேசியவர்கள் சொல்வது தவறு என்று தொடங்கினேன். தவறுதான். ஆனால் நான் செய்ததோடு ஒப்பிட்டால், அவர்களுடைய பொய் என்னைக் கொஞ்சம் மரியாதையாகவே நடத்தியிருக்கிறது.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது, நீ அறிவாய். உன் அப்பாவிடம்கூட நான் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக ஒரு புத்தி சொல்கிறேன், அது எனக்குத் தெரிந்த தொழில். உன் மகள் அடுத்த வருடம் பள்ளிக்கூடம் போவாளாம். அவளைப் பற்றி யாருக்காவது கடிதம் எழுதினால், ஒட்டுவதற்கு முன் அவளுக்கு வாசித்துக் காட்டு. அவள் விளங்காத வயதில் இருந்தாலும் வாசித்துக் காட்டு. அவளை எதற்காகவும் முழங்காலில் நிற்க வைக்காதே. வைத்தால் அந்தப் பிள்ளை சொன்னதைச் செய்யும். அதுதான் பயம்.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அந்தக் கல்யாண மேசையில், அம்மா கடிதம் கொடுக்கவில்லையாமே என்று சொன்னபோது நீ வாய் திறக்கவில்லை. பேசியிருந்தால் என் கடிதத்தில் இருந்ததைச் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதைச் சொல்லாமல் என்னைக் காப்பாற்றினாயா, அல்லது அவர்கள் என்ன நினைத்தால் என்ன, நீ சொல்வதற்கு இனி ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டாயா? முதலாவது என்றால் நான் டோர்ட்முண்டுக்கு வருகிறேன். எழுபத்து மூன்று வயதில் நானும் விசா எடுக்க வேண்டும், என் கையில் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுதான். அதற்கு உன்னுடைய கடிதம் ஒன்று தேவையாம். இரண்டு வரி போதும் என்று அக்கா சொல்கிறாள். இரண்டாவது என்றால் அதையும் எனக்குத் தெரியப்படுத்து. நான் றீற்றாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

இந்த உறையை நான் ஒட்டவில்லை. மடித்துச் செருகி அக்காவிடம் கொடுக்கிறேன். அவள் வாசித்து, வெட்ட வேண்டியதை வெட்டிவிட்டு, அவளே ஒட்டித் தபாலில் போடட்டும். தொலைபேசியில் பேச வேண்டாம். அக்கா மூலம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். உன் கையால் எழுதிப் பதில் அனுப்பு.

அம்மா